அடுத்த வாரம் நிஃப்டி எங்கே போகும்? சார்ட்டால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது

கேள்வி இதுதான். சில மாதமாக சார்ட் பார்க்கக் கற்றுவருகிறீர்கள், ஆர்எஸ்ஐ (சமீபத்திய அசைவில் ஏற்றத்தின் பங்கு), மூவிங் ஆவரேஜ் (கடந்த சில நாள் விலைகளின் சராசரி), சப்போர்ட் (விலை விழாமல் தாங்கும் லெவல்), ரெசிஸ்டன்ஸ் (விலை ஏறவிடாமல் தடுக்கும் லெவல்) எல்லாம் தெரியும், யூடியூபில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சொல்லும் லெவல்கள் அந்த வாரம் அப்படியே நடக்கின்றன, ஆனால் அதையே வைத்து நீங்கள் டிரேட் எடுத்தால் மட்டும் நஷ்டம் வருகிறது. சார்ட்டை வைத்து அடுத்த நான்கைந்து நாள் சந்தையைக் கணிக்க முடியுமா, முடியாதா? பார்ப்பதென்றால் 15 நிமிட சார்ட்டா, டெய்லியா?

திசையைக் கணிக்க முடியாது. பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல் என்று வேண்டுமானால் சொல்லலாம், அந்தக் கொஞ்சமும் புரோக்கரேஜிலும் வரியிலும் போய்விடும். ஆனால் வீச்சை, அதாவது இந்த வாரம் சந்தை எவ்வளவு தூரம் ஆடக்கூடும் என்பதை, ஓரளவு நன்றாகவே சொல்லலாம். பெரும்பாலானவர்கள் சார்ட்டைத் திறப்பது முதலாவதற்காக, இரண்டாவதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பணம் போவது அங்கேதான்.

முதலில் அந்த யூடியூப்காரர் விஷயம், ஏனென்றால் உங்கள் நம்பிக்கையில் பாதி அங்கேதான் இருக்கிறது. அவர் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்: நிஃப்டி (என்எஸ்இ என்ற தேசியப் பங்குச் சந்தையின் 50 பெரிய பங்குகளின் குறியீடு) 24,500-க்கு மேல் நின்றால் 24,700, அதையும் தாண்டினால் 24,850, 24,300 உடைந்தால் 24,100 வரை வரலாம். மேலே போனாலும் அவர் சொன்னது நடந்ததாக ஆகும், கீழே போனாலும் நடந்ததாக ஆகும், நடுவிலேயே கிடந்தால் லெவல் உடையவில்லை, அதனால் டிரேட் இல்லை என்று ஆகிவிடும். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை, நிபந்தனை வைத்துப் பேசுவது சார்ட் பார்ப்பவர்களின் முறையான பழக்கம்தான். ஆனால் அதைக் கணிப்பு என்று எண்ணி நீங்கள் பணம் போட்டால் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில் வந்து விழும். எந்தக் கணிப்பாக இருந்தாலும் மூன்று விஷயம் கேளுங்கள்: மேலேயா கீழேயா, எந்தத் தேதிக்குள், எந்த விலை வந்தால் இது தப்பு என்று ஒப்புக்கொள்வீர்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தக் கணிப்பைச் சோதித்துப் பார்க்கவே வழியில்லை.

அப்புறம் தொடர்ந்து சரியாகச் சொல்கிறாரே என்ற கேள்வி. ஆயிரம் பேர் ஒவ்வொரு வாரமும் கண்ணை மூடிக்கொண்டு ஏறும், இறங்கும் என்று ஏதாவது ஒன்றைச் சொன்னால், ஏழு வாரம் முடியும்போது ஏழெட்டுப் பேர் ஏழு வாரமும் சரியாகச் சொல்லியிருப்பார்கள். கணக்கு அவ்வளவுதான், பாதி, பாதி என்று ஏழு முறை வகுத்துப் பாருங்கள். மற்ற 990 பேரை உங்களுக்கு யாரும் காட்டுவதில்லை.

சரி, ஒரு நிஜமான வாரத்தை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூன் முதல் வாரம். மே 27 அன்று நிஃப்டி 23,110 வரை போய்ப் புதிய உச்சம் தொட்டு, அங்கிருந்து இறங்கி, மே 31 வெள்ளிக்கிழமை 22,530-ல் முடிந்தது. சனிக்கிழமை மாலை எக்சிட் போல் வந்தது. ஜூன் 3 திங்கட்கிழமை 23,337-ல் பெரிய கேப் அப்பில் (முந்தைய முடிவைவிட ஒரே தாவாக மேலே) திறந்து 23,263-ல் முடிந்தது. 733 புள்ளி ஏற்றம், 3.25 சதவீதம். பழைய உச்சத்துக்கு மேல் குளோசிங், ஆர்எஸ்ஐ தெம்பாக இருக்கிறது, எல்லா மூவிங் ஆவரேஜும் கீழே. எந்தப் பாடத்தை வைத்துப் பார்த்தாலும் பிரேக்அவுட், அதாவது பழைய எல்லையை உடைத்து மேலே போவது. கவனித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும், 733 புள்ளி ஏறிய அந்த நாளின் கேண்டில் (சார்ட்டில் ஒரு நாளின் விலை அசைவைக் காட்டும் கட்டை) சிவப்பு, ஏனென்றால் திறந்த விலையைவிட முடிந்த விலை குறைவு. பின்னால் சிலர் அதைக் காட்டி சார்ட் அன்றைக்கே எச்சரித்தது என்று சொன்னார்கள். பெரிய கேப் அப்புக்குப் பிறகு சிவப்புக் கேண்டில் வருவது சர்வ சாதாரணம், அதைத் தொடர்ந்து ஏற்றம் வந்த நாட்களும் ஏராளம், அவற்றை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

மறுநாள் ஜூன் 4, தேர்தல் முடிவு. நிஃப்டி 21,281 வரை விழுந்து 21,884-ல் முடிந்தது, ஒரே நாளில் 5.93 சதவீதம். முந்தைய நாள் பிரேக்அவுட்டில் வாங்கியவர் காலி. விழுந்ததைப் பார்த்து, இனி டிரெண்ட் கீழே என்று 21,800-ல் ஷார்ட் போனவரை (இறங்கினால் லாபம் என்று முதலிலேயே விற்றவரை)ப் புதன்கிழமை அடித்தது, அன்று 735 புள்ளி ஏற்றம். வியாழன் இன்னொரு 201, வெள்ளி 468. ஜூன் 7 வெள்ளிக்கிழமை குளோசிங் 23,290. திங்கட்கிழமை குளோசிங்கைவிட 26 புள்ளி அதிகம்!

அதாவது திங்கட்கிழமை மாலை, வாரக் கடைசியில் இதைவிட மேலே இருக்கும் என்று சொன்னவர் சரியாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் நடுவில் கிட்டத்தட்ட 1,980 புள்ளி எதிராகப் போய் வந்தது, ஃபியூச்சர்ஸில் (முன்பணம் மட்டும் கட்டிப் பெரிய தொகைக்குப் போடும் ஒப்பந்தத்தில்) இருந்தவர் அதைத் தாங்கி உட்கார்ந்திருக்க முடியாது, மார்ஜின் என்ற அந்த முன்பணத்தை இன்னும் கேட்டு புரோக்கரே பொசிஷனை வெட்டிவிடுவார். கணிப்பு சரி, கணக்கில் பணம் இல்லை. குறுகிய காலக் கணிப்பில் திசையை மட்டும் பேசுவதில் உள்ள ஓட்டை இதுதான்.

இப்போது அதே ஐந்து நாளின் நகர்வுகளைத் திசையை மறைத்துவிட்டுப் பாருங்கள்: 3.25, 5.93, 3.36, 0.89, 2.05 சதவீதம். நிஃப்டி ஒரு சாதாரண நாளில் அரை சதவீதம், முக்கால் சதவீதம் நகரும். பெரிய நகர்வுக்குப் பின்னால் பெரிய நகர்வு வருகிறது, அது எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் தெரிவதில்லை. இது இந்த ஒரு வாரத்தின் விசேஷம் இல்லை. 1963-ல் மாண்டல்பிரோ பருத்தி விலைகளை ஆராயும்போதே இதைக் கவனித்து எழுதினார், 1982-ல் ராபர்ட் எங்கிள் இதைக் கணித மாதிரியாக்கினார், அதற்காக 2003-ல் நோபல் பரிசும் கிடைத்தது. நேற்று சந்தை எந்தப் பக்கம் போனது என்பது நாளைய திசையைப் பற்றி அநேகமாக ஒன்றும் சொல்லாது. நேற்று எவ்வளவு ஆடியது என்பது நாளை எவ்வளவு ஆடும் என்பதைப் பற்றி நிறையவே சொல்லும்.

நீங்கள் பெரிதாக நம்பும் ஆர்எஸ்ஐயையும் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம். 1978-ல் வெல்ஸ் வைல்டர் வெளியிட்டது, அவர் கணக்குப் போட்டது கமாடிட்டி சந்தைக்காக. ஃபார்முலாவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கடந்த 14 நாளில் ஏறிய நாட்களின் ஏற்றத்தை எல்லாம் கூட்டினால் 700 புள்ளி, இறங்கிய நாட்களின் இறக்கத்தைக் கூட்டினால் 300 புள்ளி என்று வையுங்கள். மொத்த அசைவு 1,000, அதில் ஏற்றத்தின் பங்கு 700, ஆர்எஸ்ஐ 70. சராசரியை மெல்ல நகர்த்தும் ஒரு சின்ன வேலை இருக்கிறது, அதை விட்டால் விஷயம் இவ்வளவுதான். இப்போது நீங்களே யோசியுங்கள், கடந்த 14 நாளில் பத்துக்கு ஏழு பங்கு அசைவு மேல்நோக்கி இருந்தது என்ற தகவலில் நாளை இறங்கும் என்பதற்கு என்ன இருக்கிறது?

2023 டிசம்பரைப் பாருங்கள். மாநிலத் தேர்தல் முடிவுகளுக்கு மறுநாள், டிசம்பர் 4 அன்று, நிஃப்டி 20,686-ல் முடிந்தது, ஆர்எஸ்ஐ 70-ஐத் தாண்டியிருந்தது. 70-க்கு மேல் என்றால் ஓவர்பாட், அதாவது அளவுக்கு மீறி வாங்கியாகிவிட்டது, இறங்கும் என்று ஷார்ட் போனவருக்கு அந்த மாதம் முழுக்க அந்த விலை திரும்பக் கிடைக்கவேயில்லை. டிசம்பர் 29 குளோசிங் 21,731. ஆறு மாதம் கழித்து வந்த ஜூன் 4 அடியில்கூட 21,281-க்குக் கீழே போகவில்லை. பலமான ஏற்றத்தில் ஆர்எஸ்ஐ வாரக்கணக்கில் 70-க்கு மேலேயே குந்தியிருக்கும். சந்தை பக்கவாட்டில் ஆடும்போதுதான் 70-ல் விற்று 30-ல் வாங்குவது எடுபடும், அது பக்கவாட்டுச் சந்தைதான் என்பது பிறகுதான் உறுதியாகத் தெரியும்.

மூவிங் ஆவரேஜ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 20 நாள் சராசரியில் உள்ள விலைகளின் சராசரி வயது சுமார் பத்து நாள். பத்து நாள் பழைய செய்தியை வைத்து அடுத்த நான்கு நாளைக் கணிக்கப் பார்க்கிறீர்கள். நீண்ட டிரெண்டைப் பின்தொடர அது உதவும், வாரக் கணிப்புக்கு உதவாது.

சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் இரண்டும் கொஞ்சம் வேறு ஜாதி, அவற்றுக்குப் பின்னால் நிஜமான மனிதர்களும் நிஜமான ஆர்டர்களும் இருக்கிறார்கள். 500 ரூபாயில் வாங்கி 430-க்கு விழுந்ததைப் பார்த்துத் தவித்தவர், 500 திரும்ப வந்ததும் போட்ட பணம் வந்தால் போதும் என்று விற்பார், அப்படி நிறையப் பேர் இருந்தால் 500 ரெசிஸ்டன்ஸ். நிஃப்டியில் 24,000, 24,500 போன்ற முழு எண்களில் ஆப்ஷன் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை) விற்றவர்கள் குவிந்திருப்பார்கள், 24,000 புட்டை (அந்த விலையில் விற்கும் உரிமையை) ஏராளமாக விற்றவருக்கு அந்த விலை உடையாமல் இருப்பதில் நேரடி லாபம், ஆப்ஷன் காலாவதியாகும் எக்ஸ்பைரி நாள் நெருங்க நெருங்க அந்த இழுபறி விலையிலேயே தெரியும். பழைய டேட்டாவை வைத்து எக்ஸ்பைரி நாள் ஆராய்ச்சி செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், 2025 செப்டம்பரிலிருந்து நிஃப்டி வார எக்ஸ்பைரி வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாறிவிட்டது, பழைய வியாழக்கிழமைப் பழக்கங்களை அப்படியே நம்பாதீர்கள்.

ஆனால் அதே லெவல் எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் சிக்கல். வானிலை அறிக்கை கேட்டு ஊரே குடை எடுத்துக்கொண்டு போனாலும் மழை தன் பாட்டுக்குப் பெய்யும், சந்தையில் அப்படி இல்லை, எல்லோரும் ஒரே கணிப்பை வைத்துக்கொண்டால் அந்தக் கணிப்பே விலையை மாற்றிவிடும். 24,000 சப்போர்ட் என்று ஆயிரக்கணக்கானோர் நம்பினால் அவர்களின் ஸ்டாப் லாஸ் (நஷ்டத்தை நிறுத்தத் தானாக விற்கும் விலை) 23,980, 23,970 என்று ஒரே இடத்தில் குவியும், விலை ஒரு நிமிடம் அங்கே தொட்டால் போதும், ஸ்டாப்கள் எல்லாம் வரிசையாக வெடித்து, பெரிய அளவில் வாங்கக் காத்திருந்தவருக்குக் குறைந்த விலையில் சரக்கு கிடைத்துவிடும், பிறகு விலை மேலே போகும். உங்களை மட்டும் குறிவைத்து யாரோ அடிப்பதாகத் தோன்றுகிறதே, அதன் காரணம் இதுதான். உங்கள் ஸ்டாப் எல்லோருடைய ஸ்டாப்பும் இருக்கும் இடத்தில் இருக்கிறது.

சரி, வீச்சைக் கணக்கிடுவது எப்படி? நிஃப்டிக்கு வழி சுலபம். என்எஸ்இ தளத்தில் இந்தியா விக்ஸ் என்ற எண் இருக்கும், நிஃப்டி ஆப்ஷன் விலைகளிலிருந்து எடுப்பது, ஆண்டுக் கணக்கில் சதவீதமாக இருக்கும். ஒரு நாளுக்கு வேண்டுமென்றால் 16-ஆல் வகுங்கள், ஒரு வாரத்துக்கு 7.2-ஆல். நிஃப்டி 24,000, விக்ஸ் 14 என்றால் ஒரு நாளுக்கு 0.88 சதவீதம், சுமார் 210 புள்ளி, ஒரு வாரத்துக்கு 1.94 சதவீதம், சுமார் 465 புள்ளி. மூன்றில் இரண்டு வாரம் இந்த எல்லைக்குள் முடியலாம் என்பது சந்தையின் மதிப்பீடு. இதை வைத்து ஒரு உடனடிப் பயன் சொல்கிறேன்: இந்த வாரமே 24,000-லிருந்து 25,200 என்று ஒருவர் டார்கெட் கொடுத்தால், அவர் கேட்பது 1,200 புள்ளி, எதிர்பார்க்கும் வீச்சில் இரண்டரை மடங்கு. எப்போதாவது நடக்கும். அதற்குப் பணம் கட்டலாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

விக்ஸும் கடவுள் இல்லை. 2024 ஜூன் 3 அன்று அது 21-ஐ ஒட்டி முடிந்தது, அந்தக் கணக்கில் மறுநாளுக்கு 300 புள்ளி, நடந்தது 1,379. தேர்தல், பட்ஜெட், ரிசர்வ் வங்கி அறிவிப்பு, கம்பெனி ரிசல்ட் மாதிரி நாட்களில் எந்த வீச்சுக் கணக்கையும் நம்பி முழுப் பணத்தை வைக்கக் கூடாது.

தனிப் பங்குக்கு ஏடிஆர் (ஆவரேஜ் ட்ரூ ரேஞ்ச்) போதும், அதுவும் வைல்டர் கொடுத்ததுதான், ஆர்எஸ்ஐயைவிட நூறு மடங்கு உபயோகமானது என்பது என் கருத்து. ஒரு பங்கு ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ரூபாய் ஆடுகிறது என்று சொல்லும். உங்களிடம் 2 லட்சம் இருக்கிறது, ஒரு டிரேடில் 1 சதவீதம், அதாவது 2,000 ரூபாய்க்கு மேல் இழக்கத் தயாரில்லை என்று வையுங்கள். பங்கு விலை 500, ஏடிஆர் 12. ஸ்டாப்பை 5 ரூபாய் கீழே வைத்தால் சாதாரண ஆட்டத்திலேயே அடிபடும், இரண்டு ஏடிஆர், 24 ரூபாய் கீழே, 476-ல் வையுங்கள். 2,000-ஐ 24-ஆல் வகுத்தால் 83 பங்கு, சுமார் 41,500 ரூபாய்க்கு வாங்கலாம். எத்தனை பங்கு வாங்குவது என்பதை உங்கள் ஆசை முடிவு செய்யக் கூடாது, அந்தப் பங்கின் ஆட்டம் முடிவு செய்ய வேண்டும்.

டார்கெட் 48 ரூபாய் மேலே என்றால், பத்துக்கு நான்கு சரியாக வந்தாலே லாபம்தான்: 24 ரூபாயை ஒரு மடங்காக எண்ணினால் நான்கு வெற்றியில் எட்டு மடங்கு வரவு, ஆறு தோல்வியில் ஆறு மடங்கு செலவு. ஆனால் நான்கு, ஆறு என்பது ஒழுங்காக மாறி மாறி வராது. 40 சதவீதம் வெற்றி உள்ள ஒரு முறையில் 100 டிரேட் எடுத்தால் ஒரு தடவையாவது தொடர்ந்து ஏழு நஷ்டம் வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அந்த ஏழாவது நஷ்டத்தில்தான் பலர் நல்ல முறையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு இண்டிகேட்டர் தேடிப் போகிறார்கள், அல்லது விட்டதைப் பிடிக்க எட்டாவதில் மூன்று மடங்கு போடுகிறார்கள். 1 சதவீதம் வைத்தவருக்கு ஏழு நஷ்டம் என்பது 7 சதவீதம், 10 சதவீதம் வைத்தவருக்குப் பாதிக்கு மேல் காலி.

ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டோம், இனி பயமில்லை என்றும் இருக்காதீர்கள். 2024 ஜனவரி 16 மாலை சந்தை முடிந்த பிறகு எச்டிஎஃப்சி வங்கி ரிசல்ட் வந்தது, மறுநாள் பங்கு பெரிய கேப் டவுனில் திறந்து ஒரே நாளில் 8 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. முந்தைய நாள் சார்ட்டில் அதற்கான தடயம் எதுவும் கிடையாது, 2 சதவீதம் கீழே ஸ்டாப் வைத்தவருக்கு அந்த விலையே கிடைக்கவில்லை, திறந்த விலையில்தான் வெளியேற முடிந்தது. இன்று சார்ட்டைத் திறந்து தேடினால் அன்றைய விலை பாதியாகத் தெரியும், 2025-ல் 1:1 போனஸ் கொடுத்ததால் பழைய விலைகளைத் திருத்திக் காட்டுகிறார்கள், குழம்ப வேண்டாம். ரிசல்ட் தேதிக்கு முன்னால் குறுகிய கால பொசிஷனை முடித்துவிடுவதுதான் என் வழக்கம், எந்த சார்ட் என்ன சொன்னாலும்.

ஆப்ஷன் பக்கம் போக வேண்டாம் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளைப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி ஆராய்ந்தது, ஃபியூச்சர்ஸ், ஆப்ஷனில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல், அடுத்த நிதியாண்டிலும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம்தான். ஒவ்வொரு ரூபாயும் ஏதோ ஒரு வீட்டின் சம்பளம், நகைக் கடன், பிஎஃப் பணம். இவர்களில் பெரும்பாலானோர் சார்ட் தெரியாதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள், உங்களைவிட நன்றாக சார்ட் பார்ப்பவர்கள் எத்தனையோ பேர் அதில் உண்டு. ஆப்ஷன் வாங்கினால் திசை, தூரம், நேரம் மூன்றும் ஒன்றாகச் சரியாக வர வேண்டும், ஒன்று பிந்தினாலும் ஆப்ஷனுக்குக் கொடுத்த விலையான பிரீமியம் கரைந்துவிடும்.

யாரிடமாவது பணம் கட்டி டிப்ஸ் வாங்குவதாக இருந்தால், அவருடைய செபி ரிசர்ச் அனலிஸ்ட் பதிவு எண்ணைக் கேளுங்கள், ஐஎன்எச் என்று தொடங்கும், செபி தளத்திலேயே சரிபார்க்கலாம். நான் கல்விக்காக மட்டும் சொல்கிறேன் என்று நழுவுபவர்களுக்கு 2025 ஜனவரியில் செபி ஒரு கடிவாளம் போட்டது, வெறும் கல்வி என்றால் கடந்த மூன்று மாத விலைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று அப்போது சொன்னது. நாளைய லெவலைக் கொடுத்துக்கொண்டே கல்வி என்று சொல்பவரைப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக 15 நிமிட சார்ட்டா, டெய்லியா என்று கேட்டிருந்தீர்கள். டெய்லி. சந்தை நேரத்தில் 25 பதினைந்து நிமிடக் கேண்டில்கள் இருக்கின்றன, வீச்சு நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் வளரும், அதனால் நாளுக்கு 12 ரூபாய் ஆடும் பங்கு 15 நிமிடத்தில் ஐந்தில் ஒரு பங்கு, இரண்டரை ரூபாய்தான் ஆடும். மேலே சொன்ன 83 பங்கை இன்ட்ராடேயில், அதாவது ஒரே நாளுக்குள், வாங்கி விற்றால் புரோக்கரேஜ், எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்துப் பங்குக்கு அரை ரூபாய் ஓடிவிடும், கிடைக்கக்கூடிய வீச்சில் ஐந்தில் ஒரு பங்கு செலவுக்கே. டெலிவரியில் (பங்கை நாள் கடந்து வைத்திருந்தால்) எஸ்டிடி அதிகம், பங்குக்கு ஒன்றேகால் ரூபாய்க்கு மேல் ஆகும், ஆனால் நீங்கள் குறிவைப்பது 48 ரூபாயை. சாயங்காலம் சந்தை முடிந்த பிறகு அரை மணி நேரம் டெய்லி சார்ட் பாருங்கள், விக்ஸையும் ஏடிஆரையும் குறித்துக்கொள்ளுங்கள், திசை, தேதி, தப்பு என்று ஒப்புக்கொள்ளும் விலை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, முதல் ஐம்பது கணிப்புகளைப் பணம் போடாமலே ஓட்டிப் பாருங்கள்.